காதுக்கு நேர்ந்துகொண்ட காவடி

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது. அப்போது நாங்கள் ஜார்ஜ் டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு புக்கிட் தெங்காவில் தகரம் அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. தினமும் ஃபெரியில் அக்கரை போய், அங்கே பேக்டரி பஸ் பிடிப்பார். நான் டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரே மகள் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் அவரும்தான். அந்த அவருக்குத்தான் காது மந்தமாகிக்கொண்டு வந்தது.

வந்தது என்று நான் சொல்கிறேன். அவர் ஒத்துக்கொண்டால்தானே! டிவியில் செய்தி வாசிப்பவர் ஊருக்கே வாசிப்பதுபோல் சத்தம் வைப்பார். பக்கத்து வீட்டுச் சீன அம்மா சுவரைத் தட்டுவார். அந்தத் தட்டலும் இவர் காதில் விழாது. நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து சத்தத்தைக் குறைத்தால், "ஏன், உனக்குத் தலவலியா?" என்று கரிசனமாக விசாரிப்பார். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இதில் என்னை அதிகம் எரியவைத்தது வேறு. சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் ஹாலில் இருந்தபடியே "அடுப்ப அணை" என்பார். டெலிபோன் மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எழுந்துவிடுவார். சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் நாத்தனாருக்குக் கீச்சுக் குரல். அவர் போனில் பேசினால் ஒரு சொல் விடாமல் கேட்கும். ஆனால் எனக்குக் கொஞ்சம் கட்டைக் குரல். பள்ளிக்கூடக் கோரசில் என்னைப் பையன்கள் வரிசையில்தான் நிறுத்துவார்கள். நான் பக்கத்தில் நின்று பேசினால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தங்கச்சி பேசினால் கேட்கிறது, பொண்டாட்டி பேசினால் கேட்கவில்லை என்றால், நான் என்ன நினைப்பேன்? வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்தேன். எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள்.

வெளியாட்களிடம் அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். எதிராளி என்ன சொன்னாலும் சிரித்த முகமாகத் தலையை ஆட்டி, "ஓகே லா, ஓகே" என்றுவிடுவார். அப்படித் தலையாட்டித்தான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் கமிட்டிக்குச் செயலாளர் ஆனார். அந்த விஷயம் அவருக்கே தெரியாது. லிப்ட் கெட்டுப்போய் ஆட்கள் வந்து எங்கள் கதவைத் தட்டியபோதுதான் தெரியவந்தது. லிப்ட் மாதக்கணக்கில் கெட்டுக் கிடந்தது. திட்டு வாங்கியது நான்.

காது ஏன் போகிறது என்பதற்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. "அது மிசின் சத்தம் லா, அங்க வேலை செய்றவங்க எல்லாருக்கும் வர்றதுதான்." அவருடைய கூட்டாளிகளும் அதைத்தான் சொன்னார்கள், நானும் அதைத்தான் நம்பினேன். அவர் மட்டும் காதில் அழுக்கு என்று சொல்லிக் கோழி இறகால் குடைந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு காவடி எடு. வெள்ளியில காது செஞ்சு காணிக்கை போடு. மணி மாதிரி கேக்கும் பாரு."

இந்தக் கீச்சுக் குரல்தான் அவருக்கு நன்றாகக் கேட்குமே! இந்தத் தடவை புரிந்தே தலையாட்டினார். அந்த வாரமே கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தார். மஞ்சள் காப்பு, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் பாய் என்று விரதம் ஆரம்பித்தது. கறி மீன் கிடையாது. சிகரெட் மட்டும் விரதத்தில் சேராது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, படிக்கட்டு மூலையில் போய் ஊதிவிட்டு வருவார். நான் முறைத்தால், முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பார். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஐம்பதை நெருங்குகிற மனுஷன், அலகு குத்திக்கொண்டு, காவடியைத் தோளில் சுமந்து, வெயிலில் அத்தனை தூரம் நடந்து, அப்புறம் அந்த மலைப் படிகளையும் ஏற வேண்டுமே என்றுதான் கவலை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையைக் கடக்கும்போது ஒரு பெரிய லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. எனக்கு வயிற்றுக்குள் அதிர்கிற மாதிரி சத்தம். இவர் சாவகாசமாகக் காலை எடுத்து ரோட்டில் வைக்கிறார்! சட்டையைப் பிடித்து இழுத்தேன், சட்டைப் பொத்தான் தெறித்தது. லாரிக்காரர் ஏதோ சொல்லித் திட்டிவிட்டுப் போனார். இவர் என்னைப் பார்த்து, "சட்டைய ஏன் கிழிக்கிற?" என்று கேட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகாமல் விடுவதில்லை என்று.

நாத்தனாருக்குத் தெரிந்தால் சாமிக்கு நேர்ந்த பிறகு டாக்டரா என்று ஆரம்பிப்பார். அதனால் சொல்லவில்லை. இவரிடம், "நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்" என்றேன். "ஓகே லா" என்றார். கிளினிக் வாசலில்தான் அது சாப்பாட்டுக் கடை இல்லை என்று புரிந்து முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

காது டாக்டர் வயதான சீனர், சிடுசிடுப்பான ஆள். இவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோதனையில் வந்த கோட்டுப் படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மலாயில் என்னிடம் கேட்டார்: "உங்கள் பேச்சு இவருக்குச் சரியாகக் கேட்பதில்லை, இல்லையா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார்! அத்தனையையும் கொட்டினேன். குக்கர், போன், நாத்தனார், லாரி, எல்லாம். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். மிசின் சத்தத்தால் போகிற காதில் முதலில் போவது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தானாம். இவருக்கு அதிலும் கொஞ்சம் அடி இருக்கிறது. ஆனால் அதைவிட அதிகமாகப் போயிருப்பது கனத்த சத்தங்கள். தொழிற்சாலை மட்டும் காரணம் என்றால் இப்படி இருக்காது என்றார்.

சரி, இனி சொட்டு மருந்து, இல்லாவிட்டால் காதில் மாட்டும் மிசின் என்று நான் எதிர்பார்த்தால், மனுஷன் இவருடைய சட்டைக் கையை மேலே சுருட்டச் சொல்லி, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டுகிறார்! ஒரு கையில் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், மறு கையில் கட்டினார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வேறு எடுத்தார்கள். சிகரெட் பிடிக்கிறாரா, அப்பா எப்படிச் செத்தார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், நாங்கள் காதுக்கு வந்தோம்" என்றேன்.

"நானும் காதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அப்பா எப்படிச் செத்தார் என்பதை நான் காதருகில் கத்திக் கேட்டதும் இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கப்பாவுக்கு ஒரு நோவு நொடி கிடையாது. நாப்பத்தெட்டு வயசுல மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு, எந்திரிக்கல. நல்ல சாவு!" இதை அந்தக் குடும்பமே கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் சொல்லிச் சொல்லி நானும் கேட்டுப் பழகியிருந்தேன். டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போதுதான் என் வாயே தடுமாறியது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாடிப்படிக் கேள்விக்கு இவர், மூச்சே வாங்குவதில்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு வந்ததே கோபம்! லிப்ட் கெட்டுப்போனதிலிருந்து ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "கடல் இங்கேருந்து நல்லா தெரியுதுல்ல" என்பார். இரண்டாவது மாடியிலிருந்து தெரிவது குப்பைத் தொட்டி. அதையும் சொன்னேன். போட்டுக்கொடுத்துவிட்டேன் என்று என்னை முறைத்தார்.

காதுக்குள்ளே இருக்கிற ரத்தக் குழாய் முடியைவிட மெல்லிசு என்று டாக்டர் விளக்கினார். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, சிகரெட் எல்லாம் சேர்ந்து ரத்த ஓட்டத்தைக் கெடுத்தால், சிலருக்குக் காது முன்னாடியே காட்டிக்கொடுத்துவிடுமாம். காது மந்தமான எல்லோருக்கும் இதயக் கோளாறு என்று அர்த்தமில்லை. ஆனால் இவருக்கு இருக்கிற கொதிப்பையும், அப்பா போன விதத்தையும், மாடிப்படியில் கடல் பார்ப்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இதயத்தைச் சோதிக்காமல் காதுக்கு மிசின் மட்டும் கொடுத்து அனுப்ப முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இதய டாக்டர் ஒருவருக்கு அங்கேயே போன் போட்டு நேரமும் வாங்கினார். காவடியைப் பற்றிச் சொன்னேன். விரதத்தோடு மலை ஏறுவதா, முதலில் அந்தச் சோதனை, அதற்குப் பிறகுதான் பேச்சு என்றார்.

வீட்டுக்கு வந்தால் ரணகளம். கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையை விரதத்தில் சாப்பிட மாட்டாராம். "காதக் காட்டப் போனா நெஞ்சுல கோளாறுங்கிறான். நாளைக்கு நெஞ்சக் காட்டப் போனா முட்டிக்கால்ல கோளாறும்பான். காசு புடுங்குற வேலை லா!" டாக்டருக்கு நான் தரகு வேலை பார்க்கிறேன், நாடகம் ஆடுகிறேன், இன்னும் என்னென்னவோ சொன்னார். எப்படியோ விஷயம் தெரிந்து நாத்தனாரும் போனில் பிடித்துக்கொண்டார். "அண்ணி, சாமி காரியத்துக்குக் குறுக்க நிக்காதீங்க. அப்புறம் எங்க அண்ணனுக்கு ஏதாச்சும் ஆனா நீங்கதான் பொறுப்பு." எனக்கு ரத்தம் கொதித்தது. மலையில் விழுந்தாலும் நான்தான் பொறுப்பு, மலைக்கு விடாவிட்டாலும் நான்தான் பொறுப்பு! மறுபடி சுவரில் தட்டு விழுந்தது. இந்தத் தடவை டிவி காரணமில்லை, நான்தான்.

கெஞ்சினேன், அழுதேன், சமைக்க மாட்டேன் என்றேன். ஒருவேளைதான் சாப்பிடுகிறார், அது என்ன மிரட்டல்? கடைசியில் அவருடைய ரோஷத்தைத்தான் பிடித்தேன். இதய டாக்டரிடம் நடக்கிற மிசின் ஒன்று இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக மேட்டில் ஏறுகிற மாதிரி தூக்கிக்கொடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு தாளில் பெரிதாக எழுதி நீட்டினேன்: 'அந்த மிசின்ல ஏறி நடந்து காட்டுங்க. முடிச்சிட்டீங்கன்னா நானே உங்களுக்குக் காவடி கட்டி விடறேன்.' படித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, "போலே லா, முடியும்! பாத்துக்கலாம்" என்றார். போட்டியாம்.

அந்த நாளும் வந்தது. மார்பில் வயர்களை ஒட்டி, அவரை மிசினில் ஏற்றினார்கள். மொழிபெயர்க்கத் தேவைப்படலாம் என்று என்னையும் மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவிட்டார்கள். இதய டாக்டர் இளவயதுக்காரர், மலாய்க்காரர், நல்ல மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமான, மெதுவான குரல். மிசின் சத்தம் வேறு. ஆரம்பிக்கும்போது அவர் இவரிடம் ஏதோ விளக்கினார். நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவோம் என்று. இவர் பளிச்சென்று சிரித்து, "ஓகே லா டாக்டர்" என்றார்.

மிசின் ஓடியது. முதலில் வீறாப்பாக நடந்தார். என்னை ஒரு பார்வை வேறு, பார்த்தாயா என்கிற மாதிரி. காலடியில் ஓடிய பட்டை கொஞ்சம் தூக்கியது, வேகமும் கூடியது. டாக்டர் திரையைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். இவர், "ஓகே". மறுபடி தூக்கியது. டாக்டர் மறுபடி கேட்டார், "வலி இருக்கிறதா?" இவர், "ஓகே, ஓகே". நெற்றியில் வியர்வை ஊற்றுகிறது, உதடு வெளுத்துவிட்டது, இடது கையை மடக்கி மடக்கி விடுகிறார், வாய் மட்டும் ஓகே என்கிறது! எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் என்ன கேட்கிறார் என்றே இவருக்குத் தெரியவில்லை. கமிட்டிச் செயலாளர் ஆன மாதிரிதான் இங்கேயும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். இவர் திரும்பவில்லை, என் குரல்தான் அவருக்குக் கேட்காதே. ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேரே நின்று, இரண்டு கையையும் ஆட்டினேன். டாக்டரிடம் மலாயும் தமிழும் கலந்து அலறினேன். இவருக்குக் காது கேட்காது, எதற்கும் ஓகேதான் சொல்வார், முகத்தைப் பாருங்கள், கையைப் பாருங்கள்! அதே நொடியில் திரையில் ஓடிய கோடும் ஏதோ காட்டியிருக்க வேண்டும். டாக்டர் சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தார். பட்டை நின்றதும் இவர் என் மேல் சாய்ந்தார். தாங்க முடியாமல் இரண்டு பேரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்தோம்.

படுக்கவைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, மூக்கில் காற்றுக் குழாய் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவருடைய உள்ளங்கையில் விரலால் எழுதிக் கேட்டேன், வலிக்கிறதா என்று. முதல் தடவையாக அந்த மனுஷன் வாயிலிருந்து உண்மை வந்தது. "ரொம்ப நாளா வலிக்குது. வேலையில தெரிஞ்சா ஓவர்டைம் குடுக்க மாட்டான்." அங்கேயே, வயர் ஒட்டிய நெஞ்சில் இரண்டு அடி போடலாமா என்று வந்தது. போடவில்லை. அழுதேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். இதயக் குழாய்களில் பெரிய அடைப்பு இருக்கும் என்று நினைப்பதாகச் சொன்னார். இந்த மிசினில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் விரதத்தில், தோளில் காவடியோடு, மலை நடுவில் என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

தைப்பூசத்தன்று அவர் கோலாலம்பூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், இதய ஆபரேஷன் முடிந்து, நெஞ்சில் தையலோடு கிடந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். நாத்தனாரும் வந்திருந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "பாத்தீங்களா அண்ணி, முருகன்தான் அண்ணன் காத அடச்சு, டாக்டர்கிட்ட அனுப்பி, உசுரக் காப்பாத்திக் குடுத்துருக்காரு!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டையைக் கிழித்தது நான், சுவரில் தட்டு வாங்கியது நான், மிசின் முன்னால் குதித்தது நான், பேர் மட்டும் முருகனுக்கா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஆமாம் என்றேன். சொன்னபோது அதில் பொய்யும் இல்லை என்றுதான் தோன்றியது.

சிகரெட்டை அதோடு விட்டார், விட வைத்தேன் என்றும் சொல்லலாம். போன காது முழுதாகத் திரும்பவில்லை. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று காது டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மறு வருஷம் பால்குடம் எடுத்தது நான். அவர் அடிவாரத்திலேயே தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சர்பத் ஊற்றிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு யாராவது, "வயசாச்சு லா, காது கொஞ்சம் மந்தம்" என்று என்னிடம் சொன்னால், கொதிப்பும் சர்க்கரையும் பார்த்தாயிற்றா என்று கேட்காமல் விடுவதில்லை. காது மந்தமான எல்லோருக்கும் நெஞ்சில் கோளாறு இருக்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். என்னை லூசு என்று சிலர் நினைக்கிறார்கள், நினைக்கட்டும். வலிக்கிறது என்று ஒருநாளும் வாய் திறக்காத ஒரு மனுஷனுக்காக அவருடைய காது அத்தனை மாதம் சாட்சி சொல்லியிருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள ஒரு சிடுமூஞ்சி டாக்டர் கிடைத்தார் என்று நினைக்கும்போதெல்லாம், பக்கத்தில் தூங்குகிறவருடைய மார்பு ஏறி இறங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.